இடப்பக்கச் சிவப்பு

முதலில் அது வெறும் கறுப்பு,
கறுப்பின்மேல் சாம்பல் எழுத்து.
கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் நவம்பர் மாதம்
ஜன்னலுக்கு வெளியேயும் அதேதான்.
உள்ளேயும் எதற்கு என்று
முதல் இரவுப் பணியிலேயே கைவைத்தேன்.

எழுத்தின் அளவைப் பதினாறாக்கினேன்.
சுழியத்தின் வயிற்றில் புள்ளி வைக்கும் எழுத்துரு ஒன்றைத் தேடிப்பிடித்தேன்.
வட்டமெல்லாம் சுழியம் இல்லை என்று
இயந்திரமாவது ஒப்புக்கொள்ளட்டும்.
வரிக்கும் வரிக்கும் நடுவே
ஓர் ஆடு நுழையும் அளவு இடைவெளி.
பின்னணியைக் கண்ணாடியாக்கி
அடியில் கடல் படம் ஒன்றை வைத்தேன்.
கட்டளைகள் மூழ்கின.
எடுத்துவிட்டேன்.
ஓயாமல் துடித்த கர்சரை
அசையாதே என்றேன். அசையவில்லை.

பிறகு நிறம்.
இதில்தான் எனக்குப் பெருமை.
நீரிணையில் பன்னிரண்டு கூண்டுகள்,
ஒவ்வொன்றிலும் அறுபதாயிரம் சால்மன்.
அவற்றுக்குத் தீனி விழுவதும் நிற்பதும்
டெர்மினலில் தட்டும் ஒரு சொல்லால்.
அந்த டெர்மினலுக்கு அடர் சிவப்பு.
தட்டிப் பழக இன்னொன்று,
மீனே இல்லாத பொய்க் கூண்டுகள்.
அதற்கு அடர் பச்சை.
ஆறு இலக்க எண்ணாக ஒவ்வொரு நிறத்தையும்
கூட்டிக் குறைத்து விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
"குழந்தைக்குக்கூடத் தெரியும்" என்றேன்
ஆறு மணிக்குப் பணி மாற்ற வந்த ஹோக்னியிடம்.
ஈரத் தொப்பியைக் கழற்றியபடி
"அழகாக இருக்கிறது" என்றான்.

எட்டு மாதம் ஓடியது.

ஜூலையில் நாலு மணிக்கே வெயில் வந்து
இடப்பக்கத் திரையில் உட்கார்ந்துகொண்டது.
சிவப்பை வலப்பக்கம் தள்ளினேன்,
பச்சையை இடப்பக்கம்.
இரண்டு நொடி வேலை.
சொல்லிவிட்டுப் போகவேண்டிய சேதியாகப் படவில்லை.

மதியம் தொலைபேசி.
பொய்க் கூண்டுக்குத் தட்டிய 'தீனி நிறுத்து'
நிஜக் கூண்டுக்குப் போயிருக்கிறது. ஐந்து மணி நேரம்.
மீன்கள் புகார் சொல்லவில்லை.
மேலாளர் துரீதா சொன்னாள்.

பொத்தானை மாற்றிப் போட்ட சட்டையோடு ஓடினேன்.
"சிவப்பு தெரியவில்லையா உனக்கு?"
"தெரியாது" என்றான்.
நக்கல் என்று நினைத்தேன்.
தேநீரை ஊதிக்கொண்டே மறுபடி சொன்னான்:
"தெரியாது ரன்வா. ரத்தமும் புல்லும் எனக்கு ஒரே சேறு.
இடப்பக்கம் என்றால் மீன்.
வலப்பக்கம் என்றால் பொய்.
அப்படித்தான் இத்தனை நாளும்."

பச்சைப் பொய் என்பார்கள்.
கண்ணுக்கு இதமான வெளிச்சத்தில்
அதைத்தான் தீட்டி வைத்திருக்கிறேன்.

"அழகாக இருக்கிறது என்றாயே?"
"இருந்ததே. அந்தச் சுழியத்துப் புள்ளி."

ஜன்னலுக்கு வெளியே மலை.
பச்சையை விட்டால் இந்தத் தீவில் வேறென்ன இருக்கிறது?
அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று
கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் இரண்டாவது நாற்காலியை
இழுத்துப் போட்டிருந்தான்.

மாலைவரை மாற்றினோம்.
நீலம் அவனுக்குப் பிடிபட்டது. மஞ்சளும்.
மஞ்சளை எனக்குப் பிடிக்காது,
மஞ்சளே இருக்கட்டும்.
நிறத்தை மட்டும் நம்பவேண்டாம் என்று
கட்டளை தொடங்கும் இடத்தில்
சொல்லாகவே எழுதச் சொன்னான்.
மஞ்சளில்: உயிர் இருக்கிறது.
நீலத்தில்: ஒன்றும் இல்லை.
நூறு கட்டளை தட்டினால்
நூறு முறை அதைப் படித்தாகவேண்டும்.
எந்தப் பக்கம் எது என்பதை
இனி தொடுவதில்லை. வெயிலுக்குத் திரைச்சீலை.

கர்சரில்தான் சண்டை.
அது துடிக்கவேண்டுமாம்.
நின்ற கர்சரைப் பார்த்தால்
இயந்திரமே நின்றதுபோல் இருக்கிறதாம்.
எனக்கோ, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து
மேசையில் விரல் தட்டுவதுபோல்.
இன்னும் தீரவில்லை.
இரவில் நிறுத்திக்கொள்கிறேன்.
ஆறு மணிக்குப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டதும்,
கோட்டை மாட்டுமுன்,
துடிக்க விடுகிறேன்.